காற்றில் தூசி சேர்க்கும் வேலை

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காற்றைப் போலச் சுத்தமான காற்று உலகத்தில் எங்கும் கிடையாது. தூசி இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை. சொல்லப்போனால் காற்றே இல்லை. திரையில் ஒரு அறையைக் கட்டி, அதற்கு ஜன்னல் வைத்து, வெளியே ஒரு சூரியனையும் நிறுத்தினால் வெயில் சமர்த்தாகத் தரையில் வந்து விழும். ஜன்னலிலிருந்து தரைவரை அது வந்த வழி மட்டும் தெரியாது. நம் வீடுகளில் கூரை ஓட்டை வழியாகச் சாய்ந்து இறங்கும் வெளிச்சம் நம் கண்ணில் படுவதே நடுவில் மிதக்கும் தூசியால்தான். தூசி இல்லாத இடத்தில் வெளிச்சம் யாருக்கும் தெரியாமல் கடந்து போய்விடும். இதைக் கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பிற்பாடு அதுவே பிழைப்பாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தப் பிழைப்பில் இருந்தபோதுதான் என் வலது கண் போனது. வேலையால் போகவில்லை. அதை டாக்டர் அழுத்தம் திருத்தமாகச் சொன்னார், என் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட நம்பவில்லை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையே பார்த்தால் கண் போகாமல் என்ன செய்யும் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் வேறு எந்த வேலையில் இருந்திருந்தாலும் அந்தக் கண் பிழைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். பெங்களூரில் ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோ. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கதையையும் பொம்மைகளையும் அனுப்புவார்கள். நாங்கள் அவற்றை நடக்க வைத்து, வெளிச்சம் போட்டு, படமாக்கித் திருப்பி அனுப்புவோம். நான் லைட்டிங் பிரிவு. மெஷின்களுக்குத் தூசி ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, எந்நேரமும் இறக்கிவிட்ட கறுப்புத் திரைகள். ஒரு துளி தூசியும் நுழைய முடியாத இடத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை தூசி தயாரித்தோம். இந்த வேடிக்கையை நாங்களே பல தடவை சொல்லிச் சிரித்து, கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டோம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். கல்யாணமாகி பெங்களூர் விவேக் நகருக்கு வந்தேன். என் கணவருக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களுக்கான கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை. விடியும்போதே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மல்டிமீடியா கோர்ஸ் படிக்கிறேன் என்றபோது அவருக்கு அது என்னவென்றே தெரியாது. படி என்றார். படித்தேன். வேலை கிடைத்தது. முதல் ஒரு வருடம் ஃபைல்களுக்குப் பெயர் வைத்து அடுக்கும் வேலை. அதற்கப்புறம்தான் லைட்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள், அதுவும் சோதனைக்கு.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சோடாபுட்டி என்று பட்டப்பெயர். இரண்டு கண்ணும் மைனஸ் பன்னிரண்டுக்குக் குறையாது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது புருஷனா பீரோவா என்று தெரியாது. ஆனால் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு வரம் உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு உரசும் தூரத்தில் எதையாவது பிடித்தால் அதன் நூல் நூலாகத் தெரியும். மானிட்டரில் அப்படி முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தால் மற்றவர்கள் பார்க்காத புள்ளியை எல்லாம் நான் பார்ப்பேன். இந்தப் பொண்ணு கண்ணு மைக்ராஸ்கோப்பு என்று எங்கள் டீம் லீடர் எல்லோரிடமும் சொல்வார். ஆயுளில் முதல் தடவையாக என் கண்ணை ஒருவர் பாராட்டியது அங்கேதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவரும் தமிழர்தான். மகாராஜா காலத்திலேயே அரசாங்க உத்தியோகத்துக்குப் பெங்களூர் வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். நல்ல மனிதர். இதில் அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சோதனையாகக் கொடுத்தது ஒரு மர அறுவை ஆலை. குழந்தைகளுக்கான தொடர், மூடிக்கிடக்கும் ஆலை ஒன்றில் ஒரு அணில் தனியாகக் குடியிருக்கிறது. கூரைப் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் வரிசையாக இறங்க வேண்டும், அதில் மரத்தூள் மிதக்க வேண்டும், அணில் ஒரு வெளிச்சத்திலிருந்து இன்னொரு வெளிச்சத்துக்குத் தாவி ஓட வேண்டும். இது தேறினால் லைட்டிங்கில் நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் ஃபைலுக்குப் பெயர் வைக்கப் போக வேண்டியதுதான்.

காற்று முழுவதும் தூசி இருப்பதாக மெஷினிடம் சொல்லி நிஜமாகவே கணக்குப் போடச் சொல்லலாம். அந்தக் காலத்து மெஷின் ஒரு படத்தை முடிப்பதற்குள் நாம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழலாம். அதனால் ஏமாற்று வேலைதான். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் ஒரு கூம்பை இறக்குவோம். அதன் ஓரங்கள் கரைந்துபோகும்படி வெள்ளை பூசுவோம். உள்ளே மேகம் மாதிரி ஒரு திட்டை மெதுவாக நகரவிடுவோம். அதற்குமேல் தனித்தனிப் புள்ளிகள். வெளிச்சத்துக்குள் வந்தால் மின்ன வேண்டும், வெளியே போனால் காணாமல்போக வேண்டும். சொல்வதற்குச் சுலபம். செய்து பார்த்தால் அந்தப் புள்ளிகள் எதுவாக வேண்டுமானாலும் ஆகும், தூசி மட்டும் ஆகாது.

தினமும் காலையில் வெளிநாட்டிலிருந்து மெயில் வந்து காத்திருக்கும். ஒரு நாள், பனி கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். மறுநாள், கொசுக்கூட்டமா என்று கேட்டார்கள். குறைத்து அனுப்பினால் காற்று செத்துக்கிடக்கிறது என்று எழுதினார்கள். பூட்டிக்கிடக்கும் மர ஆலைக்குள் தூசி எப்படி மிதக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த தூசி ஓசூர் ரோட்டில் லாரி போனபிறகு எழும்புவது. வீட்டில் மெத்தையைத் தட்டிப் பார்த்தேன். மைதா மாவை ஊதிப் பார்த்து இருமினேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அந்த ஒரே காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது வெளிச்சத்துக்குள் சில கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நான் போட்டவை எல்லாம் வெள்ளை. இவை மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி பொடிப்பொடியாக, கூடவே முடிச்சு விழுந்த நூல் மாதிரி ஒன்று. வெளிச்சத்தை விட்டு முன்பக்கம் வந்துவிட்ட புள்ளிகள் மறையாமல் கறுப்பாக நிற்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தத் தப்பு எங்கள் தொழிலில் வழக்கமாக வருவது. புள்ளிகளை அணைத்துப் பார்த்தேன், ஓரங்களைத் திருத்திப் பார்த்தேன், எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டும் பார்த்தேன். கறுப்பு போகவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தபோதும் அவை இருந்தன. வீட்டுச் சுவரிலும் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அப்போதே கலங்கிப்போயிருப்பார்கள். எனக்குக் கலக்கமே வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் வேலை கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொம்மைகளுக்கு நடை பழக்குகிறவர் தெருவில் போகிறவர்களின் நடையை எண்ணிக்கொண்டே போய்ச் சாக்கடையில் கால் வைப்பார். உருவம் செய்கிற பெண்ணுக்கு இட்லியைப் பார்த்தாலும் அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும். இதெல்லாம் அங்கே பெருமை. மறுநாள் டீம் லீடரிடம், வீட்டுச் சுவரில்கூட எனக்குத் தூசி தெரியுது சார் என்று சொன்னேன். அவர் என் தோளைத் தட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டார்.

"இப்பதான்மா நீ லைட்டிங் ஆளா ஆயிருக்க," என்றார்.

நான் அதை ஒரு பட்டம் மாதிரி வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் இயந்திரங்களோடு பழகியவர், காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிறவர். கண்ணாடியில் அழுக்கு இருக்கும் என்றார். அன்றிலிருந்து விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பனியன் துணியில் துடைத்து, தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் எழுந்து போட்டுக்கொள்வேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கும், புள்ளிகளும் இருக்கும்.

சில நாட்கள் கழித்து மின்னல் வர ஆரம்பித்தது. தலையைச் சட்டென்று திருப்பினால் வலது ஓரத்தில் வளைவாக ஒரு வெளிச்சம் வெட்டிவிட்டுப் போகும். திரைபோட்ட அறையாதலால் நன்றாகவே தெரிந்தது. மானிட்டர் பழசு, அதுதான் துடிக்கிறது என்று முடிவு கட்டி, மெஷின் பார்க்கிறவரை நச்சரித்து வேறு மானிட்டர் வாங்கிப் போட வைத்தேன். புது மானிட்டரிலும் வெட்டியது. இதுவும் பழசாக இருக்கும் என்று அவரைத் திட்டினேன்.

அந்த நாட்களில் நான் அந்தப் புள்ளிகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சொல்லவே வாய் கூசுகிறது, எனக்கு அவை பிடித்துப்போயின. பார்வையை நகர்த்தினால் அவையும் நகர்ந்தன, ஆனால் உடனே இல்லை. சற்றுப் பொறுத்துக் கிளம்பின. நான் நின்றாலும் அவை நிற்காமல் கொஞ்ச தூரம் தள்ளிப்போய், தயங்கி, மெல்லக் கீழே இறங்கி அடங்கின. ஒன்று போன வேகத்தில் இன்னொன்று போகவில்லை. நூல் மாதிரி இருந்தது மட்டும் தன்பாட்டுக்குச் சுருண்டு பிரிந்தது. என் புள்ளிகளுக்கு இல்லாமல்போனது இந்தத் தாமதம்தான் என்று உறைத்தது. என் தூசி காற்றோடு காற்றாக ஓடிக்கொண்டிருந்தது. நிஜத் தூசிக்குக் காற்று சொல்வது கொஞ்சம் நேரம் கழித்துத்தான் காதில் விழும்.

அதை அப்படியே போட்டேன். அணில் ஒரு வெளிச்சத்தைத் தாண்டி ஓடிய பிறகு, அது போய்ச் சேர்ந்ததற்கப்புறம்தான், தூசி திரும்பிப் பார்க்கும். நகரும், தயங்கும், இறங்கும். அங்கங்கே நூலிழை ஒன்று சுருளும். ஓட்டிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுநாள் வந்த மெயிலை அவரே எழுந்து நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினார். இப்போதுதான் அந்த ஆலைக்குள் காற்று இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நான் நிரந்தரமாகிவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் விவேக் நகர் சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் பஸ் நகராது. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, மெழுகுவர்த்திக் கடைகளை ஒட்டி நடந்தேன். கணவருக்குப் பிடிக்குமே என்று அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கியிருந்தேன். கண்ணில் ஏதோ விழ, இடது கண்ணை மூடிக் கசக்கினேன். அந்த நொடியில் தெருவில் பாதியைக் காணவில்லை. வலது கண்ணுக்குக் கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. கடைகளின் போர்டுகள் தெரிந்தன, கடைகள் இல்லை. தலைகள் தெரிந்தன, உடம்புகள் இல்லை. கையை முன்னால் நீட்டினேன். கை அந்தத் திரைக்குள் போய் மறைந்தது. மைசூர்பாகுப் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதேன். வேண்டுதலுக்கு வந்த ஒரு அம்மா, எல்லாம் சரியாயிடும் கண்ணு என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ரொம்பப் பவர் உள்ள கண் நீளமாக இழுபட்டிருக்கும், அதனால் உள்ளே இருக்கும் விழித்திரை மெலிந்துபோயிருக்கும் என்றார். அது ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. கிழிந்தபோது சிந்திய ரத்தத்தின் நிழல்தான் அந்தப் புள்ளிகள். விழித்திரை இழுபடும்போது வந்ததுதான் மின்னல். இப்போது அது சுவரிலிருந்து காரை பெயர்வது மாதிரி முக்கால்வாசி பெயர்ந்துவிட்டது, நடுப்பகுதியும் போய்விட்டது. புள்ளி எப்போதிலிருந்து தெரிகிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் விளக்கைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முதல் நாளே வந்திருந்தா லேசர் போட்டு அனுப்பியிருப்பேன், அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். படிக்காதவங்ககூட கண்ணுல கறுப்பா பறக்குதுன்னு பயந்து ஓடி வராங்க. நீங்க ஏம்மா வரல?"

"என் வேலையே தூசிதாங்க," என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. மரக்கடையில் வேலையா என்று கேட்டார். என் கணவர் ஏதோ விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயு மேலே எழும்பிப் பெயர்ந்த திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காகப் பல நாள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை குனிந்தே இருக்க வேண்டும். கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டு வீட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கணவர் லீவு போட்டுவிட்டு, தட்டைத் தரையில் வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து ஊட்டிவிடுவார். அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கைகளை மட்டும் பார்ப்பேன். அந்தக் கைகள் ஒரே கவளத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, டாக்டர் அவரிடம் தனியாக வேறு ஏதோ சொல்லியிருக்கிறார் என்று.

விழித்திரை ஒட்டவில்லை. இரண்டாவது முறை திறந்து, வாயுவுக்குப் பதிலாக ஒருவித எண்ணெய் நிரப்பினார்கள். அதற்கும் ஒட்டவில்லை. வலது கண்ணுக்கு இப்போது பகலா இரவா என்பது தெரியும், முன்னால் கை ஆடினால் ஏதோ ஆடுகிறது என்று தெரியும். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணும் அதே வார்ப்பு, அதே மெலிந்த திரை. அதன் ஓரங்களில் முன்ஜாக்கிரதையாக லேசர் போட்டார்கள். ஆனாலும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். புதிதாகத் தூசி மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே வந்துவிட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. ஏற்கெனவே அந்தக் கண்ணில் ஒன்றிரண்டு மிதக்கிறதே என்றேன். அது எல்லோருக்கும் இருக்கும், அதனால் ஆபத்தில்லை என்றார். எது எல்லோருக்கும் இருப்பது, எது எனக்கு மட்டும் வருவது என்று நான்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போனேன். மானிட்டர் தட்டையானதுதானே, ஒரு கண் போதும் என்று டீம் லீடர் தைரியம் சொன்னார். அவர் சொன்னது உண்மை, ஒரு கண்ணாலேயே எல்லாம் தெரிந்தது. என் தூசியை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாழடைந்த கோட்டைக்கும், வைக்கோல் போருக்கும், நிலவறைக்கும் அதே தூசிதான். நடந்துபோகும் வழியில் எந்த மானிட்டரைப் பார்த்தாலும் அது நகரும், தயங்கும், இறங்கும். பார்த்த மாத்திரத்தில் எனக்கு வேர்த்துக்கொட்டும். திரையில் ஒரு புள்ளி அசைந்தால் போதும், கழிவறைக்கு ஓடி, வெள்ளைச் சுவரின் முன் நின்று இடது கண்ணைச் சோதித்துக்கொள்வேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் நானாகவே ராஜினாமா கொடுத்தேன். நிரந்தரமான வேலையில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு வாரம்தான்.

கடைசி நாள் சாமான்களை எடுக்கக் கணவரும் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். என் வேலையை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கறுப்புத் தூசி பார்க்க எப்படி இருந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. மர ஆலைக் காட்சியைப் போட்டு, வெள்ளையாக இருக்கும் இதையே கறுப்பாக நினைத்துக்கொள்ளுங்கள், அசைவு இதேதான் என்றேன். அணில் ஓடியது. தூசி நகர்ந்து, தயங்கி, இறங்கியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு இயந்திரத்தில் எங்கே பிசகு என்று தேடுகிறவர் போலக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது இடது கண்ணுலயும் வந்தா எனக்குத் தெரியாதில்ல?" என்றார்.

"எனக்கே தெரியலையேங்க," என்றேன்.